ஒட்டுவதும் கழற்றுவதும்

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் சட்டென்று எழுந்து நின்றால், உடம்பின் மேற்பகுதியிலிருந்து ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கணக்குப்படி அவருக்குக் கண் இருட்ட வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சில நொடிகளுக்குள் உடம்பின் கீழ்ப்பகுதியில் உள்ள ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்கின்றன, ரத்தம் மேலே ஏறிவிடுகிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிடும் பெரியவர்களிடம் "எழுந்திரிக்கும்போது நிதானமா எழுந்திரிங்க" என்று மருத்துவர் எச்சரிப்பது இதனால்தான். "இறுகு" என்று நரம்பு அனுப்பும் கட்டளை தசையைத் தொடாமல் அந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்துவதற்காகக் கொடுத்த மருந்து, போகிற போக்கில் ரத்தக்குழாயையும் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போகிறது.

குழாய் எவ்வளவு இறுகினால் போதும்? மிகக் கொஞ்சம். குழாயில் ஓடும் திரவத்துக்கு ஏற்படும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறி இறங்கும். ஒரு நுண்தமனியின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே தடை ஒன்றரை மடங்கு ஆகிவிடும். பாதியாகக் குறைந்தால் 16 மடங்கு. ரத்த அழுத்தக் கருவி காட்டும் எண்ணுக்குப் பின்னால் இருப்பவை இந்த மயிரிழைக் குழாய்களின் சுவரில் வளையம் வளையமாகச் சுற்றிக் கிடக்கும் தசைச் செல்கள்தாம்.

இந்தத் தசையை மென்தசை என்கிறோம். கை, கால் தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்குக் கோடுகள் வரிசையாகத் தெரியும். இதில் அது இல்லாததால் வரியற்ற தசை என்றும் பெயர். குடல், கருப்பை, சிறுநீர்ப்பை, மூச்சுக்குழல், கண்ணின் பாவை, மயிர்க்கூச்செறியும்போது ரோமத்தை நிமிர்த்தும் துணுக்குத் தசை என்று உடம்பின் உள்ளறைகள் பலவற்றிலும் இருப்பது இதுவே. நம் பேச்சை இது கேட்காது, அவசரமும் படாது. பளு தூக்கும் கை ஒரு நிமிடத்தில் நடுங்கத் தொடங்கிவிடும். ரத்தக்குழாயின் தசையோ பிறந்ததிலிருந்து ஓயாமல் ஓரளவு இறுகியபடியே இருக்கிறது.

இரண்டு தசைகளிலும் இழுக்கும் வேலையைச் செய்வது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மோட்டார் புரதம், மையோசின். நீளமான வால், அதன் ஒரு முனையில் இரண்டு தலைகள். தலைகள் ஆக்டின் என்ற இழையைப் பிடிக்கும், சில நானோமீட்டர் தூரம் இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒரு சுற்றுக்கு, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. கோடிக்கணக்கான தலைகள் சேர்ந்து இப்படி இழுப்பதைத்தான் வெளியிலிருந்து தசைச் சுருக்கமாகப் பார்க்கிறோம்.

கை, கால் தசையில் இந்த மோட்டார் எப்போதும் தயார் நிலையில் இருக்கிறது. அதைத் தடுத்து வைத்திருப்பவை ஆக்டின் இழைமேல் உட்கார்ந்திருக்கும் டிரோப்போமையோசின், டிரோப்போனின் என்ற காவல் புரதங்கள். கால்சியம் வந்து டிரோப்போனினில் ஒட்டியதும் காவல் விலகும், மோட்டார் ஓடும். 1960களில் இதைக் கண்டுபிடித்துக் காட்டியவர் டோக்கியோவின் செட்சுரோ எபாஷி. தசை இயங்கியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. அழகான விடை ஒன்று கையில் இருந்தால் அதையே எல்லா இடத்திலும் தேடிப் பார்க்கத் தோன்றும். மென்தசையும் கால்சியம் வந்தால்தான் சுருங்குகிறது. ஆகவே அதிலும் ஆக்டின்மேல் ஒரு காவல் புரதம் இருந்தாக வேண்டும் என்று எபாஷி நம்பினார். லியோடோனின் என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஆனால் மென்தசையில் டிரோப்போனின் இல்லை. லியோடோனினும் நிலைத்து நிற்கவில்லை. தடை இருந்தது மறுபக்கத்தில், மோட்டாருக்குள்ளேயே.

அதைத் திறப்பது பாஸ்பேட். ஒரு பாஸ்பரஸ் அணுவும் சில ஆக்ஸிஜன் அணுக்களும் சேர்ந்த சின்னஞ்சிறு குழு. ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதன் குணத்தை மாற்றலாம், கழற்றிப் பழையபடி ஆக்கலாம் என்பதை அமெரிக்காவின் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1955இல் கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது முயலின் தசையில் சர்க்கரைச் சேமிப்பை உடைக்கும் ஒரு நொதி. அந்த நொதிக்கு மட்டும் உரிய விநோதம் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். 37 ஆண்டுகள் கழித்து, 1992இல், இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, இந்த ஒட்டுதல் இல்லாமல் செல்லுக்குள் ஏறக்குறைய எந்தக் காரியமும் நடப்பதில்லை என்பது தெளிவாகியிருந்தது. பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். மனித மரபணுத் தொகுதியை 2002இல் எண்ணிப் பார்த்தவர்கள் 518 கைனேஸ்களைக் கண்டார்கள். கழற்றும் நொதிகள் பாஸ்பட்டேஸ்கள்.

மையோசினுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு முதலில் துலங்கியது தசையில்கூட இல்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களில் இருக்கும் மையோசின், பாஸ்பேட் ஏறினால்தான் ஆக்டினோடு சேர்ந்து ஏடிபியைச் செலவிடுகிறது என்று 1975இல் ராபர்ட் ஏடல்ஸ்டைனும் மேரி ஆன் கான்டியும் காட்டினார்கள். மென்தசையும் அப்படித்தான் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோழி, வான்கோழி இவற்றின் அரைவைப்பையிலிருந்து. பல் இல்லாத பறவை, விழுங்கிய தானியத்தைக் கூழாங்கற்களோடு சேர்த்து அரைக்கும் அந்தக் கெட்டியான தசைப் பை, மென்தசை மையோசின் கொட்டிக்கிடக்கும் சுரங்கம். இறைச்சிக் கடையில் மலிவாகக் கிடைக்கும். இந்தத் துறையின் அடிப்படை உண்மைகளில் பாதி அந்தப் பையிலிருந்து அரைத்து எடுத்தவைதான்.

ஆனாலும் "பாஸ்பேட் ஏறுகிறது, தசையும் சுருங்குகிறது" என்றால் போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் இரு வேறு காரியங்களாக இருக்கலாம். கால்சியம் பாஸ்பேட்டையும் ஏற்றிவிட்டு, வேறு வழியில் தசையையும் சுருக்கலாம். எபாஷியின் பக்கம் நின்றவர்கள் கேட்டது இதைத்தான், நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1979இல் முயலின் சிறுகுடல் துண்டில் செய்த சோதனை. செல்லின் மேலுறையை வேதிப்பொருளால் சல்லடையாக்கி, உள்ளே எதையும் செலுத்தும்படி செய்துகொண்டார்கள். பிறகு சாதாரண ஏடிபிக்குப் பதிலாக, ஓர் ஆக்ஸிஜனின் இடத்தில் கந்தகம் வைத்த போலி ஏடிபியைக் கொடுத்தார்கள். கைனேஸ் ஏமாந்து கந்தகம் கலந்த பாஸ்பேட்டை மையோசினில் ஒட்டிவிடும். அதைக் கழற்றப் போகும் பாஸ்பட்டேஸால் முடியாது. இப்போது கால்சியத்தைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட்டு, நல்ல ஏடிபியைக் கொடுத்தால்? குடல் துண்டு இறுகியது, இறுகியபடியே நின்றது. கால்சியம் ஒரு துளியும் தேவைப்படவில்லை. பாஸ்பேட் ஏறியிருந்ததே போதுமாக இருந்தது.

இன்னொன்று, கண்ணால் பார்க்கக் கூடியது. குளங்களில் வளரும் நைட்டெல்லா என்ற பாசியின் செல் சில சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால், பச்சையத் துணுக்குகளின் வரிசை நெடுக ஆக்டின் இழைகள் ஒரே திசையில் பாய் விரித்தாற்போல் கிடக்கும். ஷீட்ஸ், ஸ்புடிச் என்ற இருவர் 1983இல் நுண்ணிய மணிகளில் மையோசினைப் பூசி இந்த இழைகள்மேல் விட்டார்கள். ஏடிபியைச் சேர்த்ததும் மணிகள் ஊர ஆரம்பித்தன. ஒரு மோட்டார் புரதம் நடப்பதைச் செல்லுக்கு வெளியே கண்கூடாகக் காட்டிய சோதனை அது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் செல்லர்ஸ் அவர்களோடு சேர்ந்து மென்தசை மையோசினைப் பூசிப் பார்த்தார். பாஸ்பேட் இல்லாத மையோசின் பூசிய மணிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. பாஸ்பேட் ஏறியவை நகர்ந்தன. வேகம், கை கால் தசையின் மையோசினோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், ஆனால் நகர்ந்தன. காவல் புரதம் எதுவும் அந்தப் பாசிக்குள் கிடையாது. மோட்டாரும் பாஸ்பேட்டும் மட்டுமே.

சரி, அந்தப் பாஸ்பேட் எங்கே ஒட்டுகிறது? மையோசின் மூலக்கூறு ஆறு சங்கிலிகளால் ஆனது. இரண்டு கனச் சங்கிலிகள்தாம் வாலும் தலைகளும். ஒவ்வொரு தலையின் கழுத்தைச் சுற்றியும் இரண்டிரண்டு இலகு சங்கிலிகள். அவற்றில் ஒன்றின் 19ஆவது அமினோ அமிலம், செரீன், பாஸ்பேட் ஏறும் இடம். அதற்கு முன்னால் வரும் வரிசையைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். முதல் 16 அமினோ அமிலங்களில் சரிபாதி, அதாவது 8, லைசீனோ ஆர்ஜினினோதான். இரண்டும் நேர்மின்னேற்றம் உடையவை. இந்த நேர்மின் கும்பலுக்குப் பக்கத்தில் எதிர்மின் பாஸ்பேட் ஒன்று வந்து உட்கார்ந்தால் சுற்றுவட்டாரத்தில் யார் யாரை ஈர்ப்பது, யார் யாரை விலக்குவது என்ற ஏற்பாடே தலைகீழாகிவிடும். ஒட்டும் பாஸ்பேட்டின் எடை சுமார் 80 டால்டன். முழு மையோசின் 5 லட்சம் டால்டனுக்கு மேல். இரண்டு கழுத்துகளிலும் ஏறினாலும் மொத்த எடையில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தச் சிறு மாற்றம் என்ன செய்கிறது என்று பார்க்க, பாஸ்பேட் இல்லாதபோது மையோசின் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உப்புக் கரைசலில் தனியாக மிதக்கும் மையோசினைச் சுழற்றிப் படிய வைத்தால், பாஸ்பேட் ஏறியது மெதுவாகவும் ஏறாதது வேகமாகவும் படிகிறது. எடை ஒன்றுதான், எனவே வடிவம் வேறாக இருக்க வேண்டும். மின்னணு நுண்ணோக்கி காட்டியது: பாஸ்பேட் இல்லாத மையோசின் தன் 150 நானோமீட்டருக்கும் மேலான நீள வாலை இரண்டு இடத்தில் மூன்றாக மடித்து, தலைகளைப் பின்பக்கமாகச் சாய்த்து, வாலோடு ஒட்டிக்கொண்டு சுருண்டு கிடக்கிறது. தலைகள் கிடக்கும் விதம் விசித்திரமானது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் ஒன்றேதான். ஆனால் படுத்திருக்கும்போது இரண்டுக்கும் வேறு வேறு கதி. ஒரு தலை, ஆக்டினைப் பிடிக்கும் தன் முகத்தை மற்றத் தலையின்மேல் வைத்து அழுத்திக்கொள்கிறது. அதனால் ஆக்டினைப் பிடிக்க முடியாது. மற்றத் தலைக்குப் பிடிக்கும் முகம் திறந்திருக்கிறது, ஆனால் ஏடிபியைச் செலவிடும் பொறி அசையாமல் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆக, இரண்டாலும் வேலை செய்ய முடியாது. 2001இல் மங்கலாகத் தெரிந்த இந்தப் படம், 2020இல் பறவைகளின் அரைவைப்பை மையோசினை உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது துல்லியமாகக் கிடைத்தது. இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே செய்து ஒரே சமயத்தில் வெளியிட்டன.

இடையில் 2005இல் ஒரு வேடிக்கை நடந்தது. டரான்டுலா என்ற பெரிய சிலந்தியின் கால் தசையிலும் தலைகள் இதே ஜோடிப் படுக்கையில் கிடப்பதைக் கண்டார்கள். பிறகு மனித இதயத் தசை உட்பட, தேடிய இடமெல்லாம் அது தென்பட்டது. தலைகளை மடக்கி ஏடிபியை மிச்சம் பிடிக்கும் இந்த ஏற்பாடு விலங்குகள் தோன்றுவதற்கும் முந்தையது என்று இப்போது கருதுகிறார்கள். மென்தசை அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பாஸ்பேட்டால் அதை ஆட்டுவிக்கும் கலையில்தான் தேர்ச்சி பெற்றது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: உயிருள்ள மென்தசைக்குள் மையோசின்கள் பெரும்பாலும் கற்றையாக இழையில் கட்டப்பட்டிருப்பதால் வால் மூன்றாக மடிய வழியில்லை. அங்கே தலைகள் மட்டும் பின்னால் சாய்ந்து படுக்கின்றன. பாஸ்பேட் ஏறியதும் அந்த ஜோடி கலைந்து தலைகள் எழுகின்றன.

பாஸ்பேட்டை ஒட்டுபவர் யார்? மையோசின் இலகு சங்கிலிக் கைனேஸ். பல கைனேஸ்கள் பல புரதங்களைத் தொட்டு வைக்கும். இது அப்படி அல்ல, மையோசினின் அந்த ஒரு சங்கிலியைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாது. தானாகவும் இயங்காது. ஓய்வில் செல்லுக்குள் கால்சியம் லிட்டருக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு மோல் அளவே இருக்கும். வெளியே அதைப்போல் 10,000 மடங்குக்கும் மேல். நரம்போ ஹார்மோனோ தட்டியதும் கதவுகள் திறந்து உள்ளே கால்சியம் ஐந்து, பத்து மடங்கு ஏறும். கால்மாடுலின் என்ற சிறு புரதம் நான்கு கால்சியம் அணுக்களை ஏந்திக்கொண்டு கைனேஸின்மேல் போய்ப் படியும். கைனேஸ் விழித்துக்கொள்ளும். கால்மாடுலின்தான் இங்கே கால்சியத்தின் தூதர் என்று 1978இல் டேவிட் ஹார்ட்ஷோர்ன் குழு காட்டியது, மறுபடியும் கோழியின் அரைவைப்பையில்தான். கால்சியம், கால்மாடுலின், கைனேஸ், மையோசின் என்று இத்தனை கை மாறுவதால்தான் மென்தசை தாமதமாக எழுகிறது. கை தசை சில மில்லிநொடியில் துடிக்கும்; இதற்கு அரை நொடியாவது ஆகும்.

இந்தக் கைனேஸ் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு 2008இல் எலிகளில் கிடைத்த சான்று போதும். வளர்ந்த எலியின் மென்தசையில் இதன் மரபணுவை மட்டும் நீக்கினார்கள். குடலின் அலையசைவு நின்றுபோயிற்று, எலிகள் பிழைக்கவில்லை.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. கால்சியம் ஏறினால் சுருங்கும், இறங்கினால் தளரும் என்று முடித்துவிடுகிறார்கள். பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் குறை. ஒரு தண்ணீர்த் தொட்டியில் மேலே குழாய் திறந்திருக்கிறது, அடியில் துளையும் திறந்திருக்கிறது என்று வையுங்கள். மட்டம் எங்கே நிற்கும் என்பதைக் குழாயை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மையோசினில் எத்தனை தலைகள் பாஸ்பேட்டோடு இருக்கின்றன என்பதும் அப்படித்தான். ஒட்டும் நொதி ஒட்டிக்கொண்டே இருக்க, கழற்றும் நொதி கழற்றிக்கொண்டே இருக்கிறது. மென்தசையில் நடக்கும் நுட்பமான பேரங்கள் பலவும் கழற்றும் பக்கத்தில்தான் நடக்கின்றன.

கழற்றும் நொதியான மையோசின் பாஸ்பட்டேஸின் வெட்டும் பகுதி உடம்பெங்கும் நூறு வேலை செய்யும் ஒரு பொது நொதி. அதை மையோசினிடம் கூட்டிவந்து நிறுத்துவது எம்ஒய்பிடி1 என்ற துணைப் புரதம். நெடுநாள் இதை எப்போதும் ஒரே சீராக ஓடும் பின்னணி இயந்திரமாகத்தான் எண்ணினார்கள். ஆனால் 1980களின் இறுதியில் ஒரு கணக்கு உதைத்தது: கால்சியத்தை ஒரே அளவில் நிறுத்திப் பிடித்திருக்கும்போதே, சில ஹார்மோன்களைச் சேர்த்தால் தசை இன்னும் பலமாக இறுகியது. கைனேஸின் வேகம் கூடவில்லை. அப்படியானால் கழற்றுபவரின் கை கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆண்ட்ரூ சோம்லியோ, அவ்ரில் சோம்லியோ தம்பதியின் ஆய்வுகள் இந்த வழியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. கையைக் கட்டுபவர்களில் முக்கியமானவர் ரோ-கைனேஸ். எம்ஒய்பிடி1இன் மேலேயே ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்கிவிடுகிறது. சிபிஐ-17 என்ற இன்னொரு சிறு புரதம், தன்மேல் பாஸ்பேட் ஏறியதும் நேரே போய் வெட்டும் பகுதியை அடைத்துக்கொள்கிறது. பாஸ்பேட்டைக் கழற்றுபவரைப் பாஸ்பேட்டாலேயே மடக்குவது!

கடலில் வாழும் பஞ்சுயிரிகள் சிலவற்றிலிருந்து எடுத்த கலிக்குலின் என்ற நச்சும் இதையே முரட்டுத்தனமாகச் செய்கிறது. பாஸ்பட்டேஸை அது அடைத்துவிட்டால், கால்சியமே இல்லாத நிலையிலும் மென்தசை இறுகும். செல்லுக்குள் கால்சியத்துக்குக் கட்டுப்படாத வேறு கைனேஸ்களும் மெல்ல ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. துளையை அடைத்தால் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரும் தொட்டியை நிரப்பத்தானே செய்யும்.

இனி, ரத்தக்குழாய் சோர்வதில்லை என்று மேலே சொன்னேனே, அதற்கு வருவோம். 1981இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மர்ஃபியின் குழு பன்றியின் கழுத்துத் தமனியைத் தூண்டிவிட்டு, நேரத்துக்கு நேரம் பாஸ்பேட் அளவையும் விசையையும் சேர்த்து அளந்தது. தூண்டிய உடனே பாஸ்பேட் விறுவிறுவென்று ஏறியது, விசையும் ஏறியது. சற்று நேரத்தில் பாஸ்பேட் பெருமளவு இறங்கிவிட்டது. தசை சுருங்கும் வேகமும் அதோடு இறங்கியது. விசை மட்டும் இறங்கவே இல்லை. பாஸ்பேட் கழன்ற பின்னும் பிடி அப்படியே இருந்தது!

இதற்குத் தாழ்ப்பாள் நிலை என்று பெயர் வைத்தார்கள். மர்ஃபியும் சீ-மிங் ஹாயும் 1988இல் சொன்ன விளக்கம் எளிமையானது. ஒரு தலை ஆக்டினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே அதன் பாஸ்பேட் கழன்றுவிட்டால், அந்தத் தலை உடனே விடுவதில்லை. பிடித்த பிடியோடு நின்று, மிக மெதுவாகத்தான் விடும். விட்ட பிறகு மறுபடி பிடிக்கப் பாஸ்பேட் வேண்டும். ஆகவே கொஞ்சம் கால்சியம், கொஞ்சம் பாஸ்பேட், அதைவிடக் குறைந்த ஏடிபி. விசை மட்டும் முழுதாக. எல்லாவற்றையும் இந்த ஒரு மாதிரியால் விளக்கிவிட முடியுமா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். ஆக்டின்மேல் உள்ள வேறு புரதங்களுக்கும் பங்கு உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாஸ்பட்டேஸ் வெறுமனே தசையைத் தளர்த்தும் நொதி என்று இனிச் சொல்ல முடியாது. பிடியைச் சிக்கனமாக நீட்டித்து வைப்பதும் அதன் கைங்கரியம்தான். சிறுநீர்ப்பையின் வாய் இரவெல்லாம் மூடியிருப்பதற்கு இந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் எவ்வளவு சோறு தின்ன வேண்டியிருக்குமோ!

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தால் இந்தத் தொட்டியின் குழாயையும் துளையையும் திருகும் மருந்துகள் பல கிடைக்கும். ரத்த அழுத்தத்துக்கு நம் ஊரில் பரவலாகச் சாப்பிடும் அம்லோடிபின், கால்சியம் நுழையும் கதவை அடைக்கிறது. கைனேஸ் விழிப்பது குறைகிறது. அதே குடும்பத்தின் நிஃபெடிபினைக் குறைமாதப் பிரசவ வலியைத் தள்ளிப்போடக் கொடுப்பதுண்டு, கருப்பையும் மென்தசைதானே. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் வேறு வழியாக மூச்சுக்குழலின் தசையைத் தளர்த்துகிறது.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை மறுமுனையில் வேலை செய்கிறது. அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, தசைச் செல்லுக்குள் சிஜிஎம்பி என்ற தூது மூலக்கூறைப் பெருக்கும். அது கால்சியத்தைக் குறைப்பதோடு நில்லாமல், பாஸ்பட்டேஸையும் ஊக்குகிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் தானாகவே இந்த வாயுவைச் சுரக்கிறது என்று தெரிந்த பிறகு, 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஆண்மைக் குறைவுக்காகச் சந்தைக்கு வந்த சில்டெனாஃபில், இதே சிஜிஎம்பி அழிவதைத் தடுக்கும் மருந்து. இரண்டையும் ஒருவர் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரு பக்கம் சிஜிஎம்பி பெருகும், மறுபக்கம் அழியாது. கழற்றும் வேலை கட்டுமீறி, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். நெஞ்சுவலியோடு வரும் ஆண்களிடம் அவசரப் பிரிவில் "வேறு மாத்திரை ஏதாவது போட்டீங்களா" என்று தணிந்த குரலில் கேட்பது அதற்காக.

ரோ-கைனேஸைத் தடுக்கும் மருந்து ஒன்றும் உண்டு: ஃபாசுடில். மூளையின் மேற்பரப்பில் ரத்தம் கசிந்தவர்களுக்கு, நான்கைந்து நாள் கழித்து மூளைத் தமனிகள் இறுகிக்கொண்டு இரண்டாவது ஆபத்து வருவதுண்டு. அதைத் தடுக்க ஜப்பான் 1995இல் ஃபாசுடிலை அனுமதித்தது. ரோ-கைனேஸ் என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியவந்துகொண்டிருந்தது. மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது பிறகுதான் விளங்கிற்று. மருந்தியலில் இது புதிதல்ல, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான்.

சில குடும்பங்களில் பெருந்தமனியின் சுவர் தளர்ந்து பலூன்போல் உப்புவதும் கிழிவதும் வழிவழியாக வருகிறது. அவற்றில் சிலவற்றுக்குக் காரணம் மையோசின் இலகு சங்கிலிக் கைனேஸின் மரபணுவிலோ மென்தசை மையோசினின் மரபணுவிலோ உள்ள பிழை. ஒட்டும் கையோ இழுக்கும் கையோ பலவீனமானால் சுவரே நிற்பதில்லை.

கடைசியாகக் கண்ணுக்கு வருவோம். கண்ணுக்குள் ஊறும் திரவம் வெளியேற ஒரு சல்லடைத் திசு இருக்கிறது. அதன் செல்கள் மென்தசை போலவே மையோசினால் இறுகும், தளரும். இறுகிக் கிடந்தால் திரவம் தேங்கி, கண் அழுத்தம் ஏறி, கிளாக்கோமா வரலாம். ரோ-கைனேஸைத் தடுத்து அந்தத் திசுவைத் தளர்த்தும் சொட்டு மருந்துகள் ஜப்பானில் 2014இலும் அமெரிக்காவில் 2017இலும் வந்தன. மருந்து விட்டதும் பலருக்குக் கண் சிவக்கிறது. ஒவ்வாமை என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அது ஒவ்வாமை இல்லை. வெள்ளைவிழியின் மேல் ஓடும் நுண்தமனிகளிலும் அதே மையோசின், அதே பாஸ்பட்டேஸ். அங்கும் பாஸ்பேட் கழன்று, குழாய் விரிந்து, ரத்தம் நிறைகிறது. கண்ணாடியில் தெரியும் சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத சல்லடையில் மருந்து செய்துகொண்டிருக்கும் அதே வேலைதான்.